நாற்பது சொட்டுக் கணக்கு

ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர் நோட்டீஸிலோ பள்ளிக்கூடத்துக் கூட்டாளி வாயிலோ இந்தக் கணக்கைக் கேட்காமல் வளர்ந்த ஆண்பிள்ளை நம் ஊரில் அரிது. இதே கணக்கை வைத்து 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவும் நடுங்கியிருக்கிறது.

வேர் பழையது. சித்த மருத்துவத்தில் தாதுக்கள் ஏழு. உண்ட சோறு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை என்று படிப்படியாக வடிந்து கடைசியில்தான் சுக்கிலம். அத்தனை படி தாண்டி வந்த பொருளுக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்? கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும், ரத்தம் உடல் சூட்டில் பக்குவப்பட்டே விந்தாகிறது என்றார்.

அந்த மதிப்பைப் பயமாக்கி விற்றது லண்டன். 1710களில் பெயர் போடாத ஒருவர் ‘ஒனானியா’ என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். பைபிளில் வரும் ஓனான் செய்த குற்றம், செத்துப்போன அண்ணனுக்கு வாரிசு தர மறுத்து விந்தைத் தரையில் விட்டது. பழியோ கைப்பழக்கத்தின் தலையில் விழுந்தது. பக்கத்துக்குப் பக்கம் பயம் காட்டிய அந்தப் புத்தகமே டிங்சருக்கும் பவுடருக்கும் விளம்பரம் செய்தது. பயந்தவர்களின் கடிதங்கள் சேரச் சேர, பதிப்புக்குப் பதிப்பு தடித்தது.

லோசான் நகரத்து டாக்டர் டிசோ போலி வைத்தியர் அல்லர். அம்மைக் குத்தலுக்காக வாதாடிய, ஊர் மதித்த மருத்துவர். அவர்தான் 1760-இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலில், ஓர் அவுன்ஸ் விந்து போவது 40 அவுன்ஸ் ரத்தம் போவதைவிடக் கேடு என்று எழுதினார். அதே நாற்பது! பெரிய மனிதர் சொன்னதால் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் அது பரவியது.

அடுத்து வந்ததுதான் கொடுமை. மோன்பெல்லியே நகரத்து லால்மான், விந்து தானாக வெளியேறுவதைப் பெருநோயாக்கி 1836 முதல் மூன்று தொகுதிகள் எழுதினார். சிறுநீர்த் தாரைக்குள் கருவியை நுழைத்து, சில்வர் நைட்ரேட்டால் உள்தோலைச் சுடுவது அவர் வைத்தியம். தூக்கத்தில் வேட்டி நனைந்த குற்றத்துக்கு இந்தத் தண்டனை. அமெரிக்காவில் கிரஹாம் என்ற பிரசங்கி, சப்பென்ற சாப்பாடு இச்சையை அடக்கும் என்றார். அவர் பெயரில் பிஸ்கட் இன்றும் விற்கிறது. இடுப்பில் கட்டும் மின்சார பெல்ட்டும் ஆண்மைக்கு மருந்தாக விலை போனது.

இந்தியாவில் பத்திரிகை விளம்பரத்தில் ஏறிய தாதுபுஷ்டி லேகியம், பிறகு மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை போடும் வைத்தியர்களின் கைக்கு வந்தது. இந்தப் பயத்தால் சோர்ந்து வரும் இளைஞர்களின் நிலைக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் ‘தாத்’ நோய்க்குறி என்று பெயரிட்டார். இது இந்தியர்களுக்கே உரியதென்று உலகம் நம்பியபோது, ஐரோப்பாவின் பழைய ஏடுகளைக் காட்டி 2004-இல் மறுத்தவர்கள் இலங்கையின் அதுல சுமதிபாலவும் உடன் எழுதியவர்களும்.

என்னோடு படித்தவன் ஒருவன் சைக்கிளை விற்று, லாட்ஜ் அறையொன்றில் மூன்று மாத லேகியம் வாங்கினான். டப்பாவைப் புத்தகப் பைக்குள் துணி சுற்றி ஒளித்து வைத்திருந்தான். விரை ஓயாமல் விந்தணுவை உண்டாக்குகிறது. விந்தில் அது சிறு பங்குதான், மற்றதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் அன்றாடம் சுரக்கும் நீர். வெளியேறினால் மறுபடி ஊறும். இந்த நாலு வரியை அந்த வயதில் அவனுக்குச் சொல்ல வீட்டிலும் ஆளில்லை, பள்ளியிலும் ஆளில்லை.