வசந்தகால வாசல் வளையம்

வசந்தகால வாசல் வளையம் என்பது வசந்தகாலப் பண்டிகைகளை ஒட்டி வீட்டு வாசற்கதவில் தொங்கவிடப்படும் வட்ட வடிவ அலங்காரம் ஆகும். தமிழில் மலர்வளையம் என்றதும் இறுதி அஞ்சலியே நினைவுக்கு வரும். மேலை நாடுகளிலும் அவ்வழக்கம் உண்டு. எனினும், அங்கு கதவில் தொங்கும் வளையம் வரவேற்பையும் மங்கலத்தையும் குறிக்கும். இலையாலும் பூவாலும் செய்யப்பட்டு வந்த இவ்வளையம், வட அமெரிக்காவில் இப்போது நெகிழி வலையாலும் செய்யப்படுகிறது.

பண்டைய வழக்கங்கள்

வாசலில் மங்கலப் பொருள் வைக்கும் வழக்கம் பண்டைய ஏதென்ஸ் நகரில் இருந்தது. ஆலிவ் கிளையில் கம்பளி நூலைச் சுற்றி, அத்திப்பழம், அப்பம் முதலியவற்றைக் கட்டுவர். ஐரெசியோனே எனப்பட்ட இக்கிளை, அப்பல்லோ தெய்வத்தின் விழாவில் எடுத்துச் செல்லப்பட்டு, பின்னர் வீட்டு வாசலில் வைக்கப்பட்டது. அது அங்கேயே காய்ந்துபோகும். கி.மு. 388இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'புளூட்டஸ்' நாடகத்தில், எளிதில் தீப்பற்றும் பொருளுக்குப் பழைய ஐரெசியோனே உவமையாகிறது.

உரோமில் வளையம் அரசு மரியாதையாகவும் இருந்தது. போரில் சக குடிமகனின் உயிரைக் காத்தவருக்கு ஓக் இலை வளையம் அளிக்கப்பட்டது. கி.மு. 27இல் அகஸ்டஸின் வீட்டு வாசல் நிலைகளை லாரல் இலைகளால் அலங்கரிக்கவும், வாசலுக்கு மேல் ஓக் இலை வளையத்தை வைக்கவும் செனட் சபை தீர்மானித்தது. அகஸ்டஸ் தம் சாதனைக் குறிப்பில் இதைப் பதிவு செய்துள்ளார்.

கிரேக்க மே நாள் வளையம்

இன்றைய கிரேக்கத்தில் மே 1 அன்று மக்கள் வயல்வெளிக்குச் சென்று காட்டுப்பூக்களைப் பறித்து வளையம் கட்டுகின்றனர். சில இடங்களில், கண்ணேறு படாதிருக்கப் பூக்களோடு பூண்டும் சேர்த்துக் கட்டப்படும். கதவில் தொங்கும் இவ்வளையம் வெயிலில் காய்கிறது. ஜூன் 24 திருமுழுக்கு யோவானின் பிறந்தநாள். அதற்கு முந்திய மாலையில் தெருவில் தீ மூட்டி, காய்ந்த வளையங்களை அதில் இடுகின்றனர். இளைஞர்கள் அத்தீயைத் தாண்டுவர். வளையத்தைக் கட்ட ஒரு நாள் இருப்பதுபோல, அதை நீக்கவும் ஒரு நாள் உண்டு.

வலை வளையம்

வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலத்தில் கதவில் வளையம் தொங்கவிடும் வழக்கம் பிற பருவங்களுக்கும் பரவியது. ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புப் பெருவிழா, மேலைத் திருச்சபைகளில் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும். அதற்கான வளையங்களில் இளமஞ்சள், இளம்பச்சை, இளஞ்சிவப்பு நிற வலைகள் விரும்பப்படுகின்றன.

இந்த வலை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் இழைகளால் நெய்யப்படுகிறது. இப்பொருளைப் படிக வடிவில் உருவாக்குவதில் 1950களில் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் வேதியியலாளர்கள் வெற்றி கண்டனர். அவர்களுள் இத்தாலியின் ஜூலியோ நட்டா, ஜெர்மனியின் கார்ல் சீக்லருடன் 1963ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செய்முறை

கம்பி வளையச் சட்டத்தில், மெல்லிய கம்பித் துண்டுகளைச் சீரான இடைவெளியில் முடிச்சுப் போட வேண்டும். 10 அங்குல அகல வலையை 10 அங்குல நீளத் துண்டுகளாக வெட்டினால் அவை தாமாகவே சுருளும். இரண்டு அல்லது மூன்று சுருள்களைக் குறுக்காக வைத்து, நடுவில் கம்பியால் இறுக்க வேண்டும். வெட்டிய ஓரங்களில் இழை பிரியும் என்பதால் அவற்றை உட்புறமாகச் சுருட்டுவது நல்லது. சட்டம் மறையும்வரை நிரப்பியபின் வண்ண முட்டை, முயல் பொம்மை, நாடா ஆகியவற்றைக் கட்டுவர்.

பொருளும் விளைவும்

நெகிழி வலை மழையில் அழுகாது. அடுத்த ஆண்டுக்கும் எடுத்து வைக்கலாம். ஆனால், தொடர்ந்து வெயில் பட்டால் நிறம் மங்கி, இழைகள் நொறுங்கும். அந்தத் துகள்கள் மண்ணில் மட்குவதில்லை. நெகிழியாதலால் இதைத் தெருத்தீயில் இட்டு முடிப்பதும் தகாது. முற்காலத்தில் வளையம் காய்ந்து அழிவதும் வழக்கத்தின் ஒரு பகுதியாக இருந்தது. வலை வளையத்துக்கு அத்தகைய முடிவு இல்லை. கம்பிச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் புதிய கொடி, இலை, சணல் ஆகியவற்றால் கட்டினால் பழைய முறையைத் தொடர முடியும்.