கமாண்டோஸும் பாளையங்கோட்டைச் சிறையும்

'கமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸ்' விளையாடியிருக்கிறீர்களா? ஸ்பெயினின் பைரோ ஸ்டுடியோஸ் உருவாக்கி 1998-ல் வெளிவந்த கணினி விளையாட்டு. களம், இரண்டாம் உலகப் போர். மொத்தம் 20 மிஷன்கள். உங்கள் கையில் இருப்பது சில வீரர்கள் மட்டுமே, எதிரியோ எங்கு பார்த்தாலும்! காவலாளி எப்போது திரும்புகிறான் என்று பார்த்துப் பார்த்து நகர வேண்டும். ஒற்றன் எதிரியின் சீருடையை மாட்டிக்கொண்டு முகாமுக்குள்ளேயே உலாவுவான். நேருக்கு நேர் மோதினால் கதை முடிந்தது.

இதே மாதிரி ஒரு மிஷன் நம் பக்கத்திலேயே நிஜமாக நடந்திருக்கிறது.

1799 அக்டோபர் 16 அன்று, கழுகுமலைக்குத் தெற்கே உள்ள கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கம்பெனியார் இடித்துத் தள்ளினார்கள். தம்பி ஊமைத்துரையையும் உறவினர்களையும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

1801 பிப்ரவரி 2. வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மாறுவேடத்தில் வந்திருந்த பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் சிறைக் காவலர்களை மடக்கி, கைதிகளை மீட்டு, இரவோடு இரவாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து மெக்காலே படையோடு போய்ப் பார்த்தால், இடித்த கோட்டை மறுபடியும் எழுந்து நிற்கிறது! வெறும் மண் கோட்டைதான். ஆனால் மார்ச் 31-ல் கம்பெனிப் படை மோதிப் பார்த்தும் உள்ளே நுழைய முடியவில்லை. இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. எதிர்த்தரப்பில் நின்று போரிட்டவர்!

கமாண்டோஸில் எத்தனை முறை செத்தாலும் 'லோட்' செய்து மறுபடி ஆடலாம். 1801-ல் அந்த வசதி கம்பெனியிடம்தான் இருந்தது. மார்ச்சில் தோற்றதும் கர்னல் அக்னியூ தலைமையில் புதிய படை வந்தது, புதிய பீரங்கிகள் வந்தன. மே 24-ல் கோட்டை விழுந்தது. பாஞ்சாலங்குறிச்சியில் செத்தவர்களுக்குப் பதில் ஆள் அனுப்ப எந்தச் சாம்ராஜ்யமும் இல்லை. தப்பிய ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்து போரைத் தொடர்ந்தார். கடைசியில் பிடிபட்டு, நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

சிறையை உடைத்த அந்த மிஷன் அப்பழுக்கில்லாத வெற்றிதான். ஆனால் ஒரு மிஷனில் ஜெயிப்பதற்குத் துணிச்சலும் திட்டமும் போதும். போரில் ஜெயிக்க, தோற்ற பிறகும் மறுபடி ஆடும் வசதி வேண்டும். அது இல்லை என்று தெரிந்தும் களத்தில் இறங்கினார்களே, அதுதான் வரலாறு!