நாலந்தாச் சாலையும் முதியோர் மருத்துவமும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர் நாலந்தா. பல்லவர் பாணியை நினைவூட்டும் 'கெடிகே' என்னும் கற்கட்டடமே அதற்குப் புகழ் தந்தது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்துள் அது மூழ்காதிருக்கும் பொருட்டு, கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து மேட்டுநிலத்தில் மீண்டும் கட்டினர். போற்றத்தக்க செயலே. ஆயின், கல்லுக்குக் காட்டிய பரிவு அச்சாலை வழியே நடந்த மனிதருக்குக் கிட்டிற்றா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுகக் கொன்றன. நாலந்தாவுக்கு வடக்கே, மிகிந்தலையில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவசாலை இருந்ததென்பதற்கு அங்குள்ள மருந்துத் தொட்டி இன்றும் சான்று பகர்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மருத்துவசாலை கண்ட நாட்டில் மனிதர் சாலையோரத்தில் கேட்பாரற்று மடிந்தனர்.

1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனச் சட்டம் பிறந்தது. அதன் பின்னணியில் இரக்கம் மட்டுமே இருந்ததென நாம் கருதுவதற்கில்லை. கொழுந்தெடுக்கும் கையும் மண்வெட்டி பிடிக்கும் கையும் வேலைக்குத் திரும்புதல் வேண்டும். அதுவே தோட்ட மருத்துவத்தின் அளவுகோல். வேலைக்குத் திரும்ப இயலாத முதியவர் அக்கணக்கில் சேரவில்லை. மகனுடைய லயத்து அறையின் ஒரு மூலையே அவருக்கு மருத்துவமனையாயிற்று.

பின்னர் காலம் மாறிற்று. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிரைக் குடித்தது. 1931இல் வாக்குரிமை பெற்ற மக்களின் துயரை ஆட்சியாளர் புறக்கணிக்க முடியவில்லை. கிராமங்கள்தோறும் மருத்துவசாலைகளும் தாய்சேய் நலப் பணிகளும் பெருகின. 1946இல் டி.டி.டி. தெளிப்புத் தொடங்கியது, ஆயிரவருக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் மறு ஆண்டே 14 ஆகச் சரிந்தது. 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் நீங்கியது. 1946இல் சுமார் 43 ஆண்டுகளாக இருந்த சராசரி ஆயுள் இன்று 75ஐத் தாண்டிவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நூற்றுக்குப் பன்னிருவர் அறுபது வயதைக் கடந்தவர். அப்பங்கு மேலும் வளர்ந்து வருகிறது.

ஆகவே, முதியோர் பெருகியமை நம் மருத்துவத்தின் தோல்வியன்று, அதன் வெற்றி. ஆனால் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்குமென அமைந்த மருத்துவமனை, அம்முதியோருக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டதா? நீரிழிவு, இரத்த அழுத்தம், கண்புரை, மூட்டுவலி என நான்கு நோய்களைச் சுமந்து வரும் மூதாட்டி, நான்கு நாட்களில் நான்கு கிளினிக் வரிசைகளில் நிற்கிறாள். மருந்து கிடைக்கிறது, அவளை முழுமையாகப் பார்ப்பவர் இல்லை.

1935இல் இங்கிலாந்தில் மார்ஜரி வாரன் என்னும் மருத்துவப் பெண்மணி, ஏழைகளுக்கான விடுதியொன்றில் தேறாதவரெனப் படுக்கையில் விடப்பட்ட எழுநூறு பேரளவினரின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து பயிற்சியளித்தபோது பலர் எழுந்து நடந்தனர். வீடு திரும்பியோரும் உளர். அவர்களை முடக்கியது முதுமை மட்டுமன்று, முதுமையைக் கைவிட்ட சமுதாயமுமே என்பது தெளிவாயிற்று. முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறைக்கு அதுவே வித்து.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வார்டுக்குள் நுழைதல் வேண்டும். எல்லா நோய்களையும் ஒரே நாளில் ஒருங்கே பார்க்கும் மருத்துவர், கைப்பிடியுள்ள படி, வழுக்காத கழிப்பறை, நடைப்பயிற்சி தருவோர், வீடு தேடி வரும் தாதி ஆகியவை மாளிகை கேட்கும் கோரிக்கைகளல்ல. இவை நகரத்து மருத்துவமனைகளோடு நின்றுவிடாமல் கிராமத்துச் சிறு மருத்துவசாலைக்கும் தோட்டத்து லயத்துக்கும் எட்டுதல் வேண்டும். நாலந்தாச் சாலையில் நடந்தே வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று முதுமையெய்துகின்றனர். மருந்துக்காக அவர்களையும் நெடுந்தொலைவு நடக்க விடுவது நமக்கு அழகாகாது.