முல்லைப் பாட்டின் முற்றம்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் ஆயர்களைப் பாடிய கிரேக்கக் கவிஞர் தியோக்ரிட்டஸ் தொடங்கி, 'ஐடில்' எனும் ஆயர் வாழ்வுக் கவிதை மேலைநாடுகளில் நிலைபெற்றது. இசையும் அப்பெயரை ஏற்றது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1870இல் மனைவியின் பிறந்தநாளுக்காக அமைத்த 'சீக்ஃபிரீட் ஐடில்' புகழ்பெற்றது. நகரத்தில் சலித்தவர்கள் நாடும் கவலையற்ற புல்வெளியே பெரும்பாலும் ஐடிலின் உலகம். தமிழின் ஆயர்நிலத் திணையான முல்லையோ கவலையறிந்தது. காத்திருத்தலே அதன் உரிப்பொருள்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை அக்கவலைக்குச் சான்று. மதுரை ஆயர்சேரியில் குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிட்ட வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர் வழிகிறது. தீங்கு வருமென்று அஞ்சிய ஆயர்குல முதுமகள் மாதரி ஏழு கன்னியரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனச் சுரங்களின் பெயரையே அவர்களுக்குச் சூட்டுகிறாள். ஆடுபவரே சுரமாகிறார்கள். அங்கு ஒலித்த முல்லைத் தீம்பாணியை இன்றைய மோகனத்தோடு இசையறிஞர் பலர் பொருத்துவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகப் பாவித்தாள் ஆண்டாள் என்பது வைணவ மரபு. அவள் பாடிய திருப்பாவையின் 12ஆம் பாட்டில் கன்றை நினைத்த எருமை தானாகவே பால் சொரிய, வீடே சேறாகிறது. மாட்டோடு பழகியவர் கண்ணுக்கே அகப்படும் காட்சி இது. நான்காம் பாட்டின் மழை வேண்டுதலும் வெறும் அலங்காரமன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மகாராஜபுரம், வத்திராயிருப்புப் பகுதிக் கண்மாய்கள் மேற்குமலை மழையைப் பார்த்திருப்பவை; மழை பொய்த்தால் வயலுக்கு நீரில்லை, மாட்டுக்குப் புல்லில்லை.

திருப்பாவைப் பாடல்களுக்கு மெட்டமைத்த கர்நாடக இசைக் கலைஞர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967), எளிய நாட்டுப்புற மெட்டை நாடவில்லை. முதல் ஐந்து பாடல்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராக பஞ்சகத்தையே வரிசையாகக் கொடுத்தார். முப்பதாம் பாட்டைச் சுருட்டியில் நிறைவுசெய்தார். தியாகராஜரின் பஞ்சரத்தினங்கள் அமைந்த அதே ஐந்து ராகங்களில் ஆய்ச்சியரின் விடியற்காலைப் பேச்சு ஒலிக்கிறது. ஆயர் பாட்டுக்கு இதைவிடப் பெரிய இசை மரியாதை கிடைத்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலுக்குக் கிடைத்த அந்த மதிப்பு, மாடு மேய்ப்பவரின் பாட்டுக்கும் கிடைக்க வேண்டும். இம்மலையடிவாரத்தில் முதியோர் வாயில் எஞ்சியிருக்கும் மேய்ச்சல் பாட்டுகளை நம் கல்லூரிகளும் இசைப் பள்ளிகளும் இப்போதே பதிவுசெய்து காக்க முன்வர வேண்டும்.