ஆணையிடலும் ஓட்டலும்: ஒரு சடங்குச் சொல்லின் வரலாறு

தமிழில் ‘பேயோட்டுதல்’ எனப் பெயர்க்கப்படும் ‘எக்சார்சிசம்’ என்னும் சொல், ஆணை எனப் பொருள்படும் ‘ஹோர்கோஸ்’ என்ற கிரேக்க அடியினின்று தோன்றியது. ‘எக்சோர்கிசோ’ என்பது ஆணையிட்டுக் கட்டாயப்படுத்துதல். மத்தேயு 26:63இல் தலைமைக் குரு இயேசுவிடம் ஆணையிட்டுக் கேட்குமிடத்தில் இவ்வினையே வருகிறது. அங்குப் பேய்க்கு இடமில்லை. இயேசு பேய்களை அகற்றுமிடங்களில் பெரிதும் ஆளப்படுவது, வெளியேற்றுதலைக் குறிக்கும் ‘எக்பல்லோ’. தமிழ்ச் சொல் இப்பிந்தைய வினையையே ஒத்தது. ‘எக்சோர்கிஸ்தேஸ்’ என்னும் வினைமுதற் பெயரோ புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில் (திருத்தூதர் பணிகள் 19:13), இயேசுவை நம்பாமலே அவர் பெயரைக் கையாண்ட யூதரைச் சுட்டுகிறது. பழைய தமிழ் விவிலியம் அவர்களை ‘மந்திரவாதிகள்’ என்றது பொருத்தமே.

திருச்சபை இச்சொல்லைத் தன் சடங்குக்கு ஏற்றபோது அதற்கு உரியவராயினோர் பேய் பிடித்தோர் மட்டுமல்லர். திருமுழுக்குக்கு ஆயத்தமான புறச்சமயத்தார் அனைவருமே ஆவர். 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், பொற்கொல்லன் ஊதித் தீ மூட்டி மூசைப் பொன்னைத் தூய்மையாக்குவதை இதற்கு உவமையாக்கினார். முகம் மூடி நின்று இச்சடங்கை ஏற்றோர் நோயாளிகள் அல்லர் என்பது நோக்கத்தக்கது. லூத்தர் தம் திருமுழுக்கு முறையில் (1523, 1526) இதனைக் காத்தார். ஆங்கிலத் திருச்சபை 1549இல் வைத்திருந்து 1552இல் நீக்கியது.

பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட பிற சமயத்தார்பால் கத்தோலிக்கச் சட்டம் தெளிவாகவே பேசியது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1152ஆம் விதி, கத்தோலிக்கரல்லாதாருக்கும் சபை விலக்கப்பட்டோருக்கும் இச்சடங்கை நிகழ்த்த இடமளித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தொடர் இல்லை. ஆயரின் இசைவே வற்புறுத்தப்படுகிறது. 1999ஆம் ஆண்டுச் சடங்கு நூல் கத்தோலிக்கரல்லாதார் பற்றிய நேர்வுகளை மறைமாவட்ட ஆயரிடமே ஒப்படைக்கிறது. இதற்கு மாறாக, பெந்தெகொஸ்தே வட்டாரங்களில் சிலர் நம்பாதவருக்கு இதைச் செய்யத் தயங்குவர். அகன்ற ஆவி வெறுமையான வீட்டுக்கு வேறு ஏழுடன் மீளும் என்னும் மத்தேயு 12:43–45 அவர்தம் சான்று.

மொழியியலார்க்கு இவற்றினும் சுவையானது வினையின் வடிவ மாற்றம். 1972இல் வந்த வயதுவந்தோர் புகுமுறைச் சடங்கில் ஆவியை நோக்கிய ஏவல் மறைந்து, கடவுளை நோக்கிய வேண்டல் நின்றது, முன்னிலையே மாறிவிட்டது. அதனையும் ‘பேயோட்டுதல்’ என்றே பெயர்த்தால், திருமுழுக்கு நாடிவரும் ஒருவரைத் தமிழ்ச் சொல் பேய் பிடித்தவராக்கிவிடும். மூலம் அவ்வாறு கூறவில்லை. 1999ஆம் ஆண்டு நூலில் வேண்டல், ஏவல் இரண்டும் உள்ளன. ஆயினும் வேண்டல் முன்வராமல் ஏவலைத் தனியே ஆளுதல் ஆகாது.