உல்கு முதல் மண்டலம் வரை

பிளவக்கல் அணைப் பக்கத்து ஊர்களிலிருந்து வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், திருமங்கலம் என்று மதுரைக்குக் காரில் போகிறவர்களுக்குச் சுங்கம் என்றால் கப்பலூர்ச் சுங்கச்சாவடிதான். சாலையில் ஓடுவதற்குக் கொடுக்கிற காசு. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவருக்கோ அது பொருள் நாட்டுக்குள் நுழைவதற்கான வரி. இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

வடமொழிச் சுல்கம் பாலியிலும் பிராகிருதத்திலும் சுங்கம் ஆனது. அந்த வடிவமே நம்மிடம் வந்தது. அதே சுல்கம் முதலெழுத்தை இழந்து உல்கு என்றும் தமிழில் வழங்கியது. நம் இலக்கியத்தில் மூத்தது உல்குதான். பட்டினப்பாலையில் புகார்த் துறையில் சோழனின் ஆட்கள் ஓயாமல் உல்கு வாங்குகிறார்கள். ஏறும் பொதியிலும் இறங்கும் பொதியிலும் புலி முத்திரை இடுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் கழுதைகள் மிளகுப் பொதி சுமந்து போகும் பெருவழியிலும் உல்கு உண்டு, வில்லேந்திய காவலும் உண்டு. துறைக்கும் வழிக்கும் அன்றே ஒரு சொல். உல்காக வரும் பொருளை வேந்தனுக்கு உரியது என்று திருக்குறளும் எண்ணி வைத்தது.

முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்கிறோம். போரில் வென்று பெற்ற பட்டங்கள் அரசர்களுக்கு நிறைய உண்டு. வாங்காமல் விட்ட வரியால் பெயர் பெற்றவன் இவன். அந்தப் பட்டத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு.

நமக்கு இன்னும் நெருக்கமானது செங்கோட்டை. மன்னர் காலத்தில் ராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால், மலையைத் தாண்டாமலே வேறொரு அரசின் மண் வந்துவிடும். அது திருவிதாங்கூர். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான். சமஸ்தானத்துக்குத் தனிச் சுங்கம் இருந்தது. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான் தங்களுக்குள் நடந்த வணிகத்துக்கு அந்தத் தடை பெரிதும் விலகியது. காலுக்குக் கீழே ஒரே மண், கணக்கில் வேறு நாடு என்பது இந்தப் பக்கத்து வணிகர்களுக்குப் பழகிய செய்தி.

இன்றைய சட்டம் அதே நிலையைப் புதிதாக உண்டாக்கியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், 53-ஆம் பிரிவில், மண்டலத்தை இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள இடமாகக் கருதச் சொல்கிறது. மண்டலம் போக மிச்சமிருக்கும் இந்தியாவுக்கு 'உள்நாட்டுத் தீர்வைப் பகுதி' என்று பெயர். மண்டலத்துப் பொருள் இந்தப் பகுதிக்குள் வந்தால், 30-ஆம் பிரிவின்படி இறக்குமதிப் பொருளைப் போலச் சுங்கம் கட்ட வேண்டும்.

குஜராத்தின் ஜாம்நகரில் ரிலையன்ஸின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. 1999-இல் ஓடத் தொடங்கியது உள்நாட்டுப் பகுதியில். 2008-இல் தொடங்கியது, நாளுக்கு 5,80,000 பீப்பாய் கச்சா எண்ணெய் கொள்ளக்கூடியது, மண்டலத்தில். 2022 ஜூலை 1-இல் ஒன்றிய அரசு ஏற்றுமதியாகும் டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 6 ரூபாயும் வரி போட்டது. ஜூலை 20-இல் டீசல் வரியைக் குறைத்து, பெட்ரோல் வரியை நீக்கி, மண்டலத்து ஆலைகளின் ஏற்றுமதிக்கு முழு விலக்கும் கொடுத்தது. அதன்பின், அந்த வரி இருந்த காலத்தில், ஒரே வளாகத்தில் வடித்த டீசல் கப்பலேறும்போது ஓர் ஆலையின் டீசலுக்கு வரி இருந்தது, மற்றதற்கு இல்லை. வேறுபாடு எண்ணெயில் இல்லை. ஆலை நிற்கும் இடத்துக்குச் சட்டம் இட்ட பெயரில் இருந்தது.

அமெரிக்கர்கள் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய இடத்துக்கு 'வெளிநாட்டு வணிக மண்டலம்' என்று பெயர் வைத்தார்கள். கச்சா எண்ணெய் உள்ளே வரும்போது வரியில்லை. பெட்ரோலாகவோ டீசலாகவோ உள்நாட்டுச் சந்தைக்கு வெளிவரும்போதுதான் கணக்கு. சொந்த மண்ணை வெளிநாடு என்றே அவர்கள் எழுதிவிட்டார்கள். நம் பெயரில் அந்தச் செய்தி இல்லை. 'சிறப்பு' எதையும் சொல்லவில்லை. 'மண்டலம்' நேர்மாறாகச் சொல்கிறது. தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்றால் ஒரு கோலின்கீழ் அடங்கிய நாடு. இதுவோ வரிக்கோலுக்கு வெளியே நிறுத்திய இடம்.

கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்துக்கு இறையிலி என்று பெயர் உண்டு. அதுவும் இதற்குப் பொருந்தாது. இறையிலியில் வரியே கிடையாது, இங்கே பொருள் வாசலைத் தாண்டி நம் பக்கம் வந்தால் சுங்கம் உண்டு. நாட்டுப்புறம், ஊர்ப்புறம் என்று சொல்லிப் பழகிய நாம் இதைச் 'சுங்கப்புறம்' என்று எழுதலாம். வரித்துறைத் தாள்களைத் தமிழாக்குகிறவர்கள் இந்தச் சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டும்.