ஸ்டாஃபோர்டு டெரஸ் 18: விக்டோரியாக் காலத் தொடர்வரிசை வீடொன்றின் அமைப்பும் பாதுகாப்பும்

அரண்மனை, தேவாலயம், கோட்டை ஆகியவற்றைப் பேணுவதற்குக் காரணம் கூறவேண்டிய தேவை எழுவதில்லை. ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஒரு வரிசையில் நடுவே நிற்கும் குடியிருப்பு வீட்டை ஏன் பேணவேண்டும் என்னும் வினாவோ எளிதன்று. இலண்டன் கென்சிங்டனில் ஸ்டாஃபோர்டு டெரஸ் என்னும் தெருவிலுள்ள 18ஆம் எண் வீட்டின் வரலாறு இவ்வினாவிற்கு விடைகாண உதவுகிறது.

விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837-1901) இலண்டன் பெருமளவிற்குத் தொடர்வரிசை வீடுகளாலேயே விரிந்தது. நிலவுடைமையாளர் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு விடுவார். கட்டுமானக்காரர் வாங்குவோர் யாரென அறியாமலேயே வரிசையாக வீடுகளை எழுப்பிக் குத்தகை உரிமையை விற்பார். அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே பொதுச்சுவர். தெருமுகப்பின் அகலம் குறைவு. ஆகவே வீடு பின்னோக்கி நீண்டது, மேல்நோக்கி வளர்ந்தது. ஒருபுறம் மாடிப்படி, மறுபுறம் முன்னும் பின்னுமாக அறைகள் என்பதே பொதுவான அமைப்பு. தரைக்குக் கீழுள்ள தளத்தில் சமையலறை, தரைத்தளத்தில் உணவறை, முதல் தளத்தில் விருந்தினரை வரவேற்கும் கூடம், அதற்கு மேல் படுக்கையறைகள், உச்சியில் குழந்தைகளும் பணிப்பெண்களும் தங்கும் அறைகள். குடும்பத்தின் சமூகப்படிநிலை தளங்களின் அடுக்காகவே வெளிப்பட்டது எனலாம். சமைத்த உணவையும் நிலக்கரியையும் சுமந்து பணியாளர்கள் நாள்தோறும் ஏறியிறங்கிய படிகளே அவ்வாழ்க்கையின் உண்மையான அச்சு.

ஸ்டாஃபோர்டு டெரஸ் வீடும் இப்பொதுவிதிக்கு விலக்கன்று. அதன் சிறப்பு உள்ளே இருக்கிறது. 'பஞ்ச்' இதழின் கருத்துப்பட ஓவியர் லின்லி சாம்போர்ன் 1874இல் மரியனை மணந்து, மறு ஆண்டில் இவ்வீட்டிற்குக் குடிவந்தார். அக்காலத்தில் பரவியிருந்த அழகியல் இயக்கத்தின் சுவைக்கேற்ப வில்லியம் மாரிஸின் சுவர்த்தாள், நீலவெண் பீங்கான், வண்ணக்கண்ணாடிச் சாளரம் ஆகியவற்றால் வீட்டை நிரப்பினார். புகைப்படத்தில் பேரார்வம் கொண்டிருந்த அவர் குளியலறையையே படம் கழுவும் இடமாகவும் பயன்படுத்தினார். 1877இல் எழுதப்பட்ட பொருட்பட்டியலும், 1881 முதல் 1914 வரை மரியன் எழுதிய நாட்குறிப்புகளும் கிடைத்துள்ளன. எந்த அறையில் எப்பொருள் இருந்தது என்பதை ஊகத்தாலன்றி ஆவணத்தாலேயே நிறுவ இயலுவது வீட்டு வரலாற்றில் அரிது.

சாம்போர்ன் 1910இலும் மரியன் 1914இலும் மறைந்தபின் மகன் ராய் இங்கு வாழ்ந்தார். மணம் புரியாத அவர் 1946இல் இறக்கும்வரை வீட்டில் பெருமாற்றம் எதுவும் செய்யவில்லை. வீடு தப்பியதற்கு இதுவே முதற்காரணம். அது பாதுகாப்புக் கொள்கையால் நேர்ந்ததன்று, மாற்றத்தை விரும்பாமையால் நேர்ந்தது. பின்னர் அவருடைய சகோதரி மாட் மெசலும், அவர் மகளாகிய ராஸ் சீமாட்டி ஆனும் வீட்டைக் காத்தனர். விக்டோரியாக் காலக் கலை நகைப்பிற்குரியதெனப் பலரும் எண்ணிய அந்நாளில், அதனைக் காக்க ஓர் அமைப்பு தேவை என்னும் கருத்தை 1957இல் ஆன் இவ்வீட்டிலேயே நண்பர்களிடம் முன்வைத்தார். ஜான் பெட்ஜமன், நிக்கோலாஸ் பெவ்ஸ்னர் போன்றோர் பங்குகொள்ள, விக்டோரியன் சொசைட்டி 1958இல் தோன்றியது. எதிர்ப்புகளை மீறி யூஸ்டன் தொடர்வண்டி நிலைய வளைவும் நிலக்கரிச் சந்தைக் கட்டடமும் 1960களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டன. அத்தோல்விகள் பொதுமக்கள் கருத்தை மாற்றின. தனிக்கட்டடத்தை மட்டுமன்றித் தெருவின் முழுத்தோற்றத்தையும் காக்க வழிசெய்யும் சட்டம் 1967இல் நிறைவேறியது. வரிசை வீட்டிற்கு இது இன்றியமையாதது. ஒரு பல் விழுந்தால் வாயின் வடிவே கெடுவதுபோல, ஒரு முகப்பு மாறினால் வரிசை முழுவதும் சிதையும்.

1980இல் பெருநகர் இலண்டன் மன்றம் வீட்டை வாங்கியது. விக்டோரியன் சொசைட்டியின் பொறுப்பில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1989இல் அது கென்சிங்டன்-செல்சி நகராட்சியின் உடைமையாயிற்று. ஓவியரின் கூடம் ஏறத்தாழ அவர் விட்டுச்சென்றவாறே நிற்க, பணியாளர் புழங்கிய பகுதிகளோ காலப்போக்கில் உருமாறிப்போயின. குடும்பம் போற்றிப் பேணியது தன் சுவையையே. உழைத்தோரின் இடத்தை அன்று. 2022இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறந்தபோதுதான் சமையலறையும் பணிப்பெண்ணின் அறையும் மீட்டமைக்கப்பட்டுப் பார்வையாளருக்குக் காட்டப்பட்டன.